மங்கலா, பொடிசா? லேப்டாப் ஸ்கேலிங் கேள்வி பதில்

விண்டோஸ் லேப்டாப்பில் எழுத்தும் ஐகானும் படுத்தும் பாட்டைக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளுக்குப் பதில்கள் இதோ. ரெசல்யூஷன் என்பது ஸ்கிரீனில் குறுக்கிலும் நெடுக்கிலும் எத்தனை புள்ளி, அதாவது பிக்சல், என்ற கணக்கு. ஸ்கேலிங் என்பது எழுத்தையும் ஐகானையும் எத்தனை மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது என்ற செட்டிங். கேட்கும்போது ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்: மங்கலாகத் தெரிகிறதா, பொடிசாகத் தெரிகிறதா? இரண்டும் வேறு வேறு நோய். ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்தால் முற்றிவிடும்.

கணக்குப்பிள்ளை: அண்ணே, 14 அங்குல லேப்டாப், ரெசல்யூஷன் 2880க்கு 1800. ஸ்கேலிங் 200 சதவீதம். எல்லாம் பளிச்சென்று இருக்கிறது, பழைய கணக்கு மென்பொருள் மட்டும் ஆவி படிந்த கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஸ்கிரீன் கோளாறா?

ஸ்கிரீனில் ஒன்றும் இல்லை. ஒரு அங்குலத்துக்கு 96 புள்ளி என்பது விண்டோஸின் பழைய கணக்கு. 100 சதவீதம் என்றால் அதுதான். உங்கள் ஸ்கிரீனிலோ அங்குலத்துக்குச் சுமார் 243 பிக்சல். அந்தக் காலத்து மென்பொருளுக்கு 96ஐத் தவிர வேறு எதுவும் தெரியாது. அதனால் விண்டோஸ் அதை 96 கணக்கிலேயே வரைய விட்டு, வரைந்ததை ஒரு போட்டோவைப் போல இரண்டு மடங்கு இழுத்துக் காட்டுகிறது. இழுத்த போட்டோ எப்படி இருக்கும்? அதுதான் உங்கள் ஆவி. விஸ்டா என்ற பழைய விண்டோஸ் காலத்திலிருந்தே இந்த ஏற்பாடு இருக்கிறது. அன்றைக்கு இவ்வளவு நுணுக்கமான ஸ்கிரீன் லேப்டாப்பில் அரிது என்பதால் யார் கண்ணிலும் படவில்லை.

செய்ய வேண்டியது: மென்பொருளின் எக்ஸ்இ ஃபைலில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, அதற்குள் 'சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்' (டிபிஐ என்றால் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பது). கீழே 'ஓவர்ரைடு' என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்துவிட்டு, பட்டியலில் 'சிஸ்டம் என்ஹான்ஸ்டு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 2017ல் விண்டோஸ் 10க்கு வந்த அப்டேட்டில் சேர்த்த வசதி இது. பழைய முறையில் வரையப்படும் எழுத்துகளை, இழுக்காமல் பெரிய அளவிலேயே புதிதாக வரைய வைக்கும். படங்களும் பட்டன் ஐகான்களும் மங்கலாகவேதான் இருக்கும். கணக்கு எழுதுகிறவருக்கு எண்கள் தெளிந்தால் போதாதா? ஏதாவது ஜன்னல் கோணல்மாணலாக வந்தால் 'சிஸ்டம்' என்று மாற்றி, ஆவியோடு வாழப் பழகிக்கொள்ளுங்கள்.

ஸ்டூடியோக்காரன்: 2012ல் வந்த ஒரு படத்தொகுப்பு மென்பொருள் வைத்திருக்கிறேன். ஐகானெல்லாம் கடுகு. பூதக்கண்ணாடி வாங்கவா?

எந்த மென்பொருள் என்று நீங்கள் சொல்லாமலே தெரிகிறது. இது இரண்டாவது நோய், பொடிசு. 'எனக்கு ஸ்கேலிங் தெரியும், நீ தொடாதே' என்று விண்டோஸிடம் சத்தியம் செய்துவிட்டு, ஐகானை மட்டும் பழைய 16 பிக்சலிலேயே வரைகிற ரகம். பழைய மானிட்டரில் 16 பிக்சல் என்றால் 4 மில்லிமீட்டருக்கு மேல். 243 பிக்சல் ஸ்கிரீனில் 1.7 மில்லிமீட்டர். கடுகு என்றது மிகையில்லை.

மேலே சொன்ன அதே இடத்துக்குப் போய் 'சிஸ்டம்' என்று வையுங்கள், ஐகான் பெரிதாகிவிடும். ஆனால் உங்கள் தொழிலில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. அதன் பிறகு படத்தையும் சேர்த்துத்தான் விண்டோஸ் இழுக்கும். 100 சதவீதத்தில் பார்க்கிறேன் என்று நினைத்து ஷார்ப்னஸ் வைப்பீர்கள், பிரிண்டில் கரகரவென்று வரும். ஷார்ப்னஸ் பார்க்கிற வேலையை வெளி மானிட்டரில், 100 சதவீத ஸ்கேலிங்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மின்மினி: எல்லாம் சின்னதாக இருக்கிறது. ரெசல்யூஷனை 1920க்கு 1200 ஆக்கினேன், சரியாகிவிட்டது. இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு?

ஆகவில்லை, கண் பழகிவிட்டது. 2880ஐ 1920 ஆக்கினால் ஒவ்வொரு புள்ளியும் ஒன்றரைப் பிக்சலில் உட்கார வேண்டும். அரைப் பிக்சலில் யார் உட்கார்வது? எல்லா மென்பொருளும் சேர்ந்து மங்கும். ரெசல்யூஷனைத் தொடாதீர்கள், ஸ்கேலிங்கை ஏற்றுங்கள்.

இரட்டைமாடி: லேப்டாப்பில் 200, வெளி மானிட்டரில் 100. ஜன்னலை இங்கிருந்து அங்கே இழுத்தால் பூதாகரமாகிறது, சில நேரம் மங்குகிறது.

ஸ்கிரீனுக்கு ஒரு ஸ்கேலிங் என்பது 2013ல் விண்டோஸ் 8.1ல்தான் வந்தது. அதற்கு முன் எழுதப்பட்ட பல மென்பொருள்கள் நீங்கள் லாகின் செய்யும்போது மெயின் மானிட்டர் எதுவோ அதன் அளவைப் பிடித்துக்கொண்டு, அடுத்த லாகின் வரை விடாது. நாள் முழுக்க எந்த ஸ்கிரீனைப் பார்க்கிறீர்களோ அதை மெயின் ஆக்கி, சைன் அவுட் செய்து மறுபடி வாருங்கள்.

சிக்கனம்: அடிப்படையைக் கேட்கிறேன். 14 அங்குலத்தில் இத்தனை பிக்சல் எதற்கு? 200 சதவீதம் வைத்தால் இடமும் கூடப் போவதில்லை. வெட்டிப் பெருமை.

ஆங்கிலம் மட்டும் படிப்பவர் சொன்னால் விட்டுவிடுவேன். தமிழ் படிக்கிறவர் சொல்லலாமா? மெனுவில் வருகிற 9 பாயிண்ட் எழுத்துக்கு 100 சதவீதத்தில் மொத்த உயரம் 12 பிக்சல். அதற்குள் மூன்று சுழி 'ண'வை வரையுங்கள் பார்ப்போம். சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி, ரெண்டு சுழியா மூணு சுழியா என்று ஊகித்துத்தான் படிப்போம். புள்ளிக்குக் கிடைப்பது ஒரே ஒரு பிக்சல், அதுவும் பாதி சாம்பல். 'கண்' என்பதையும் 'கண' என்பதையும் பொருளை வைத்துப் பிரிக்க வேண்டியதாகிறது. 200 சதவீதத்தில் அதே எழுத்துக்கு 24 பிக்சல். சுழிக்குள் வெளிச்சம் தெரியும், எழுத்தின் மேல் புள்ளியும் புள்ளியாகவே தெரியும். கூடுதல் பிக்சல் வாங்கித் தருவது இடத்தை இல்லை, சுழியை.

சிக்கனம்: பேட்டரி குடிப்பதைச் சொல்லவில்லையே?

குடிக்கும், ஒப்புக்கொள்கிறேன். 14 அங்குலத்தில் 3840க்கு 2160 எனக்கும் அதிகமாகத்தான் படுகிறது.

பழுப்புத்தாள்: இருவரும் தப்பு. 1920க்கு 1080 வாங்கி 150 சதவீதம் வைத்தால் விலையும் குறைவு, கண்ணும் குளிரும்.

விலை குறைவுதான். ஆனால் ஒரு பிக்சல் கோடு 150ல் ஒன்றரையாகிறது. ஒரு கோடு தடிமனாகவும் பக்கத்துக் கோடு மெல்லியதாகவும் வருவது அதனால்தான். மென்பொருள் புதிதென்றால் சமாளித்துக்கொள்ளும். பழையது என்றால் 200தான் நிம்மதி. சிக்கனமும் நீங்களும் இதைத் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள், வரிசையில் ஆள் நிற்கிறது.

ஓய்வுபெற்றவன்: தம்பி, வயது 71. எழுத்து மட்டும் பெரிதானால் போதும்.

ஐயா, செட்டிங்ஸில் ஆக்சசிபிலிட்டி, அதில் டெக்ஸ்ட் சைஸ். 225 சதவீதம் வரை இழுக்கலாம், ஸ்கேலிங் அப்படியே இருக்கும். 130ல் தொடங்கிப் பாருங்கள்.

பெங்குயின்: லினக்ஸில்?

என் வயல் இல்லை. ஜாவா மென்பொருள் என்றால் மட்டும், ஜாவா 9க்கு மேல் போங்கள். ஸ்கேலிங்கை அது தானே புரிந்துகொள்ளும்.

புதியவன்: சார், ஸ்கேலிங் சரியில்லை, உதவுங்கள்.

மங்கலா, பொடிசா?

நிலா: ரெசல்யூஷனைக் குறைத்தால்...

தொடாதீர்கள்.

அவசரம்: கஸ்டம் ஸ்கேலிங் கட்டத்தில் விளையாட்டாக 450 போட்டுவிட்டேன். செட்டிங்ஸ் ஜன்னலே ஸ்கிரீனுக்குள் அடங்கவில்லை. கணக்குப்பிள்ளையின் அதே லேப்டாப்தான்.

2880ஐ 4.5ஆல் வகுத்தால் 640, 1800க்கு 400. அவ்வளவு இடம்தான் இப்போது உங்களிடம் இருக்கிறது. அந்தக் கட்டம் 500 வரை வாங்கிக்கொள்ளும், 'நிஜமாகவா?' என்று ஒரு வார்த்தை கேட்காது. மவுஸை விடுங்கள். விண்டோஸ் கீயோடு ஐ அழுத்தி செட்டிங்ஸைத் திறந்து, சிஸ்டம், டிஸ்பிளே என்று டேப் கீயாலும் அம்புக்குறிகளாலும் நகருங்கள். டேப் அடிக்க அடிக்கப் பக்கமும் கூடவே நகரும். கஸ்டம் ஸ்கேலிங்கை நிறுத்திவிட்டு சைன் அவுட் செய் என்று ஒரு இணைப்பு வரும், அதில் என்டர். அடித்த உடனே சைன் அவுட் ஆகிவிடும், திறந்து வைத்திருக்கிற வேலையை முதலில் சேமித்துவிடுங்கள்.