கூரை, தளம், ஓடு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மொட்டை மாடியில் 1000 சதுர அடிக்கு இரண்டு பேரிடம் எஸ்டிமேட் வாங்கினேன். ஒருவர் 'சுருக்கி, தட்டோடு' என்கிறார். மற்றவர் 'வாட்டர் புரூஃபிங், கூல் டைல்' என்கிறார். இரண்டும் ஒரே வேலையா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: இல்லை. கான்கிரீட் தளத்துக்கு மேலே வரும் ஒவ்வொரு அடுக்குக்கும் தனித்தனி வேலை உண்டு. வாட்டர் புரூஃபிங் என்பது தளத்தின் மேல் நேரடியாகத் தடவும் பூச்சு. அது தண்ணீர் உள்ளே இறங்காமல் தடுக்கும். சுருக்கி அதற்கு மேலே வரும் செங்கல் ஜல்லி, சுண்ணாம்புக் கலவை. பொறியாளர்கள் வெதரிங் கோர்ஸ் என்பதும் இதைத்தான். வெயிலைத் தாங்குவதும் மழைநீர் ஓட வாட்டம் (சரிவு) தருவதும் இதன் பொறுப்பு. தட்டோடோ (சுட்ட மண்ணாலான தட்டையான ஓடு) கூல் டைலோ அதன் மேல்தோல் மட்டுமே. கூல் டைல் வெயிலைத் திருப்பி அனுப்பும், ஆனால் வாட்டம் தராது. ஆகவே இரண்டாமவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: டைலுக்கு அடியில் வாட்டத்துக்கு என்ன போடுகிறீர்கள்?

சுருக்கிக்கு 20 மி.மீ. செங்கல் ஜல்லி 32 பங்கு, நீற்றிய சுண்ணாம்பு பன்னிரண்டரைப் பங்கு என்பது தமிழகப் பொதுப்பணித் துறையின் வழக்கமான அளவு. மணல் கிடையாது. ஜல்லியை முதலில் நன்றாக நனைக்க வேண்டும். காய்ந்த ஜல்லி சுண்ணாம்பிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டால் கலவை பிடிக்காது. கொட்டிப் பரப்பியபின், சுண்ணாம்புப் பால் மேலே வரும்வரை மரக்கட்டையால் அடிக்க வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து அடிப்பது பழைய முறை. இன்னும் செய்பவர்கள் உண்டு. சீக்கிரம் இறுகட்டும் என்று சுண்ணாம்புக்குப் பதில் சிமென்ட் சேர்த்தால் வெயிலில் வெடிப்பு விடும். அடிக்கிற கூலியை மிச்சப்படுத்தத்தான் பெரும்பாலும் இப்படிச் செய்கிறார்கள்.

எஸ்டிமேட்டில் சுருக்கியின் கனம் 'சராசரி 3 அங்குலம்' என்று இருக்கும். ஏமாற்றம் நடப்பது இந்த இடத்தில்தான். வாட்டம் 10 அடிக்கு 2 அங்குலம் வேண்டும். உங்கள் மாடியில் தண்ணீர் 20 அடி ஓடி ஒரே பக்கம் வெளியேற வேண்டுமென்றால் ஏற்றம் 4 அங்குலம். பைப் வாயருகே 2 அங்குலம் என்றால் மறுகோடியில் 6, சராசரி 4. மூன்றுக்குக் காசு வாங்கியவர் நாலு போட மாட்டார். வாட்டத்தைக் குறைப்பார், தண்ணீர் தேங்கும். இரு பக்கமும் பைப் வைத்து ஓட்டத்தை 10 அடியாகப் பிரித்தால் 3 அங்குலம் தாராளம். 400 சதுர அடிக்கு ஒரு 4 அங்குலப் பைப் என்று கணக்கிட்டால் உங்களுக்கு மூன்று வேண்டும்.

8 அங்குலத் தட்டோடு, உடைசலும் சேர்த்து 2,300 வாங்குங்கள். தண்ணீரில் ஊறவைத்து, ஒரு பங்கு சிமென்டுக்கு மூன்று பங்கு மணல் கலவையில் வாட்டர் புரூஃப் காம்பவுண்டு சேர்த்து, அரை அங்குலப் படுகையில் பதிக்க வேண்டும். இடுக்குகளையும் அதே கலவையால் அடைக்க வேண்டும். வெறும் சிமென்ட் பாலை ஊற்றி நிரப்பினால் ஒரு கோடையிலேயே மயிரிழை விரிசல் வரும்.

பழைய சுருக்கியை எடுக்காமல் அதன் மேலேயே புதிது போடலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். 4 அங்குலச் சுருக்கி சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 190 கிலோ. இரண்டு மடங்கு பாரத்தைத் தளம் சுமக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தவிர, பழையதில் ஊறிய ஈரம் வெளியேற வழியின்றிக் கீழே சீலிங்கில்தான் இறங்கும்.

கேள்வி: எங்கள் சீமை ஓட்டு வீட்டில் கூடல்வாயில்தான் எப்போதும் ஒழுகுகிறது. ஆசாரி ரீப்பரையும் மாற்றச் சொல்கிறார். அவசியமா?
– வாசகர், தென்காசி

பதில்: கூடல்வாய் என்பது இரண்டு சரிவுகள் உள்வாங்கிச் சேரும் பள்ளம். இரு பக்கத்துத் தண்ணீரும் அங்கேதான் வரும். ஓட்டுக்கு அடியில் குறைந்தது 18 அங்குல அகலத் தகடு ஓட வேண்டும். இரு பக்க ஓடும் 6 அங்குலம் தகட்டின் மேல் ஏறியிருக்க, நடுவில் 6 அங்குலம் திறந்திருக்க வேண்டும். ஒழுகுகிறதே என்று அந்தத் திறப்பைச் சிமென்டால் பூசிவிடுவது வழக்கம். வெயிலில் மரம் அசைய, பூச்சு விரிந்து, விரிசல் வழியே தண்ணீர் ஓட்டின் அடிப்பக்கம் ஏறும். பூச்சை உடைத்தெடுங்கள், தகடு ஓட்டையாகியிருந்தால் மாற்றுங்கள். இலைச் சருகை மழைக்கு முன் வாரிவிட்டாலே பாதித் தொல்லை தீரும்.

ரீப்பர் என்பது சரிவாக இறங்கும் கைமரத்தின் மேல் குறுக்கே அடிக்கும் சட்டம்; ஓட்டின் மூக்கு அதில்தான் மாட்டும். இரண்டு ரீப்பருக்கும் மையத்துக்கு மையம் 32 செ.மீ. இருக்க வேண்டும். டேப் வைத்து அளந்து பாருங்கள். கூடுதலாக இருந்தால் ஓட்டின் மேல்பொருத்து குறைந்து, காற்றோடு வரும் சாரல் உள்ளே புகும். அப்போது ஆசாரி சொல்வது சரி. அளவு சரியாக இருந்து மரமும் உளுக்காமல் இருந்தால் செலவு வேண்டாம்.

மாற்ற நேர்ந்தால் 100 சதுர அடிக்கு 145 ஓடு கணக்கு. தரைப் பரப்பை அல்ல, சரிவின் பரப்பை அளக்க வேண்டும்.

கேள்வி: தகர ஷெட்டில் போல்ட் அடித்த இடமெல்லாம் சொட்டுகிறது.
– வாசகர், செங்கல்பட்டு

பதில்: போல்ட் அலையின் மேட்டில் இருக்கிறதா, பள்ளத்தில் இருக்கிறதா பாருங்கள். நெளித் தகட்டில் மேட்டில்தான் துளை போட வேண்டும். பள்ளத்தில் போட்டால் ஓடுகிற தண்ணீரெல்லாம் அதன் மேலேதான் போகும். மேட்டிலேயே இருந்தால் வாஷர் காய்ந்து போயிருக்கும், அல்லது முறுக்கியது அதிகமாகித் தகடு குழிந்திருக்கும். புது வாஷர் மாற்றி, அது லேசாக அமுங்கும் வரை முறுக்கினால் போதும். மறுபடி தகடு போடும்போது பக்கவாட்டில் ஒன்றரை அலை, நீளவாக்கில் 6 அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். உங்கள் பக்கம் பெருமழை கிழக்கிலிருந்து வருவதால் மேற்கிலிருந்து போட்டு வரச் சொல்லுங்கள். பொருத்தின் வாய் காற்றுக்கு முதுகு காட்டும்.

கேள்வி: தட்டோடு நன்றாகவே இருக்கிறது. ஆனால் சுவர் ஓரமாக மட்டும் சீலிங்கில் ஈரக் கோடு விழுகிறது.
– வாசகி, ஈரோடு

பதில்: கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலைதான் காரணமாக இருக்கும். அங்கே கால் வட்டமாகப் பூசும் 'கோவிங்' இல்லாமல் தட்டோட்டை நேராகச் சுவரில் முட்ட விட்டிருப்பார்கள். உறுதி செய்ய, மழையில்லாத நாளில் அந்த ஓரத்தில் களிமண்ணால் பாத்தி கட்டி, 2 அங்குலத் தண்ணீரை ஒரு முழு நாள் நிறுத்துங்கள். ஈரம் வந்தால் மூலையைக் கொத்தி, பூச்சு தடவி, கோவிங் போட வேண்டும். வராவிட்டால் கைப்பிடிச் சுவரின் தலையைப் பாருங்கள். அதன் மேற்பூச்சு விரிந்திருந்தாலோ, வாட்டம் மாடிப் பக்கம் இல்லாமல் தெருப் பக்கம் இருந்து வெளி ஓரத்தில் காடி (தண்ணீரைச் சொட்ட வைக்கும் பள்ளக் கோடு) இல்லாமல் இருந்தாலோ, தண்ணீர் சுவர் வழியாகவே இறங்கும்.