ஒட்டிவைத்த நோட்டீஸ்

அன்புள்ள ஐயா,

சிட்னி கைதிகளின் ஊராக இருந்த காலத்தில் அவர்களே நாடகம் போட்டதை ஒரு உரையில் சொன்னீர்கள். அதில் நடனமும் உண்டா? நான் வங்கியில் வேலை பார்ப்பவள். நாற்பதுக்கு மேல் நடனம் கற்று ஆண்டுவிழாவில் ஆடினேன். ‘பாவம், ஏதோ ஆசைக்கு’ என்றார்கள். அமெச்சூர் என்றால் அவ்வளவுதானா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

அலுவலகத்தில் நாலு பேர் சொன்னதை விடுங்கள். அடுத்த வருஷமும் சொல்வார்கள், நீங்களும் ஆடுவீர்கள்.

நடனம் உண்டு. 1789 ஜூன் 4, மன்னரின் பிறந்தநாளுக்குக் கைதிகள் போட்ட முதல் நாடகம் ஒரு மண்சுவர்க் குடிசையில் நடந்தது. மூன்று நான்கு கெஜம் சாயக் காகிதமும் ஒரு டஜன் மெழுகுவத்தியும்தான் அலங்காரம். 1796 ஜனவரியில் ராபர்ட் சிடவே என்ற முன்னாள் கைதி, ரொட்டி சுடுபவர், தனிக் கொட்டகையே திறந்துவிட்டார். காசில்லாதவர்கள் மாவும் இறைச்சியும் கொடுத்து உள்ளே போனார்கள். அந்த வருஷம் ஜூலை 30 அன்று ‘ஜேன் ஷோர்’ என்ற சோக நாடகத்தோடு ‘வாப்பிங் லேண்ட்லேடி’ என்ற ஆட்டமும் இருந்தது. லண்டன் துறைமுகத்து விடுதிக்காரியும் கரையிறங்கிய மாலுமிகளும் அடிக்கும் கூத்து. வசூல் பட்லர், பிரையன்ட் என்ற இரண்டு நடிகர்களுக்கு. ஆக, முழு அமெச்சூர் என்றும் சொல்லிவிட முடியாது!

அந்த ஜூலை ஆட்டம் எப்படித் தெரியும்? ஒரே ஒரு நோட்டீஸ். 1788இல் முதல் கப்பல்களோடு வந்து, ஓட்ட ஆளில்லாமல் வருஷக்கணக்கில் கிடந்த அச்சு இயந்திரத்தில் ஜார்ஜ் ஹியூஸ் அடித்தது. யாரோ ஒரு புண்ணியவான் அதை ஒட்டுப் புத்தகத்தில் ஒட்டிவைக்க, அது கனடாவின் தேசிய நூலகத்தில் கிடந்து 2007இல் ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பியது. அந்நாட்டில் அச்சானவற்றில் இன்று மிஞ்சியிருக்கும் மிகப் பழையது அதுதான்.

இப்போது உங்களைத் திட்ட வேண்டும். ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். என்ன பாட்டு, என்ன தேதி, யார் சொல்லிக்கொடுத்தது, ஒன்றும் இல்லை. கேலி செய்தவர்களின் வசனம் மட்டும் சொல் பிசகாமல் இருக்கிறது. இதென்ன கணக்கு?

கோபம் உங்கள் மேல் மட்டும் இல்லை. என் பெரியப்பா ரேஷன் கடையில் எடை போட்டவர். மாசித் திருவிழா நாடகத்தில் காட்சிக்குக் காட்சி நடுவே பெண்வேஷம் கட்டி ஆடுவார். ரோஸ் நிற நோட்டீஸில் கடைசி வரியில் அவர் பெயர். பெரியம்மா அதை டிரங்குப் பெட்டிக்கு அடியில் விரித்திருந்தாள், பூச்சி உருண்டையோடு. வெள்ளையடித்தபோது பெட்டியைக் கவிழ்த்துக் குப்பையோடு கூட்டித் தள்ளியவன் நான்தான். பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியை நிமிர்த்தி, அன்றைய தினத்தாளை விரித்துக்கொண்டாள்.

சரி, அந்த ஆண்டுவிழா அழைப்பிதழ் உங்களிடம் இருக்கிறதா? அதில் பெயர் போட்டார்களா, இல்லை ‘ஊழியர்களின் கலைநிகழ்ச்சி’ என்று முடித்துவிட்டார்களா?