நாளை பிரிட்டன் தேர்தல்: இடக்கணக்கும் பிரெக்ஸிட்டும் – கேள்வி பதில்

(2019 டிசம்பர் 11, வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள்)

கே: சுற்றி வளைக்காம சொல்லுங்க, யார் ஜெயிப்பாங்க?

ப: போரிஸ் ஜான்சனின் கன்சர்வேட்டிவ் கட்சி, அதாவது டோரிகள், தனிப் பெரும்பான்மை பெறுவார்கள் என்பது என் கணிப்பு. டோரிக்கு 335 முதல் 360 இடம், எதிர்க்கட்சியான லேபருக்கு 205 முதல் 235. ஸ்காட்லாந்தில் அங்குள்ள தேசியக் கட்சியான எஸ்என்பி நாற்பதைத் தாண்டும். லிபரல் டெமாக்ரட்டுகளுக்கு வாக்கு கூடும், ஆனால் இருபது இடத்தைத் தொட மாட்டார்கள். தொங்கு நாடாளுமன்றம் வருவதற்கு ஐந்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அதைச் சின்ன வாய்ப்பு என்று ஒதுக்கிவிடாதீர்கள். பிரெக்ஸிட்டின், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு பிரிட்டன் வெளியேறுவதன், தலையெழுத்தே அதில்தான் மாறும்.

கே: பெரும்பான்மைக்கு 326 என்கிறார்கள், சிலர் 320 என்கிறார்கள். எது சரி?

ப: 650 இடங்களில் பாதிக்கு மேல் என்றால் 326. ஆனால் வட அயர்லாந்தின் சின் ஃபெய்ன் கட்சி உறுப்பினர்கள் வெஸ்ட்மின்ஸ்டரில், அதாவது பிரிட்டன் நாடாளுமன்றத்தில், இருக்கையே ஏற்பதில்லை. 2017இல் அவர்கள் 7 பேர். சபாநாயகரும் மூன்று துணை சபாநாயகர்களும் வாக்களிப்பதில்லை. மிச்சம் 639, அதில் பாதிக்கு மேல் 320. துணை சபாநாயகர்களில் ஆளுங்கட்சிக்காரர்களும் இருப்பார்கள் என்பதால் 322 இருந்தால் நிம்மதி. 2017இல் அப்போதைய டோரி பிரதமர் தெரசா மேக்குக் கிடைத்தது 317. அதனால்தான் வட அயர்லாந்துக் கட்சியான டியூபியின் 10 பேரை நாட வேண்டி வந்தது.

கே: வாக்கு சதவீதத்தை வைத்து நானே இடக்கணக்குப் போட முடியுமா?

ப: முடியும். முதலில் ஒன்றைக் கவனியுங்கள்: கருத்துக்கணிப்புகள் வட அயர்லாந்தைச் சேர்ப்பதில்லை. ஆகவே 2017 முடிவையும் வட அயர்லாந்து நீங்கலாகவே எடுக்க வேண்டும். அப்போது டோரி முன்னிலை சுமார் 2.5 சதவீதப் புள்ளி. இப்போதைய கணிப்புகளின் சராசரியில் சுமார் 10. வித்தியாசம் 7.5; அதில் பாதி, 3.75, லேபரிலிருந்து டோரிக்குப் போகும் வாக்கு நகர்வு, அதாவது ஸ்விங். 2017இல் டோரி இரண்டாவதாக வந்து, லேபர் 7.5 புள்ளிக்குக் குறைவாக வென்ற தொகுதிகள் கைமாறும்.

இந்த நேர்க்கணக்கு சறுக்கும் இடம் பிரெக்ஸிட். வொர்க்கிங்டனில் லேபர் 2017இல் 9.4 புள்ளியில் வென்றது. கணக்குப்படி அது லேபரிடமே நிற்கும். ஆனால் 2016 பிரெக்ஸிட் வாக்கெடுப்பில் அங்கே சுமார் 60% பேர் வெளியேறவே வாக்களித்தார்கள். இப்படிப்பட்ட ஊர்களில் ஸ்விங் அதிகம். கேன்டர்பரியில் லேபர் வென்றது வெறும் 187 வாக்கில். காகிதத்தில் அது முதலில் விழ வேண்டும், ஆனால் பல்கலைக்கழக நகரம், எளிதில் விழும் என்று நான் சொல்ல மாட்டேன். நான் செய்யும் திருத்தம் இது: வெளியேறும் வாக்கு 60%ஐத் தொட்ட இடங்களில் ஸ்விங்கை ஒன்றரை மடங்காக்குங்கள், தங்கும் வாக்கு 55%ஐத் தாண்டிய இடங்களில் பாதியாக்குங்கள். வொர்க்கிங்டனில் ஸ்விங் 5.6 ஆகிறது, இரட்டித்தால் 11.2; தொகுதி கைமாறுகிறது.

ஸ்காட்லாந்துக்கு இந்தக் கணக்கே ஆகாது. அங்கே டோரிக்கு எதிரி எஸ்என்பி. 2017இல் வென்ற 13 இடங்களில் பாதியையாவது டோரி இழக்கும்.

கே: கருத்துக்கணிப்பு நிறுவனமான யூகவ் வெளியிட்ட எம்ஆர்பி கணிப்பு வேறு ஏதோ முறையாமே?

ப: ஆமாம், தொகுதி தொகுதியாகப் போய்க் கேட்பதில்லை. ஒரு வாரத்தில் சுமார் ஒரு லட்சம் பேரைக் கேட்கிறார்கள். வயது, கல்வி, 2016இலும் 2017இலும் போட்ட வாக்கு ஆகியவற்றை வைத்து, எந்த வகை ஆள் எந்த வகைத் தொகுதியில் யாருக்குப் போடுகிறார் என்று மாதிரி அமைக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு தொகுதியிலும் அந்த வகையினர் எத்தனை பேர் என்று பெருக்கிக் கூட்டுகிறார்கள். நவம்பர் 27 அன்று டோரி 359, லேபர் 211. நேற்றிரவு 339, 231. பிழை எல்லையோடு பார்த்தால் டோரி 311 முதல் 367 வரை.

அந்த 311ஐப் பலர் கவனிக்கவில்லை. இந்த முறையில் பிழை வந்தால் ஒரு தொகுதியில் கூட, இன்னொன்றில் குறைய என்று சமனாகாது. ஒரே மாதிரியான தொகுதிகள் எல்லாவற்றிலும் ஒரே பக்கம் சாயும். உள்ளூர்ப் பிரச்சினையையும் செல்வாக்குள்ள சுயேச்சையையும் மாதிரி சரியாகப் பிடிக்காது.

கே: 2015, 2017 இரண்டிலும் கணிப்புகள் கவிழ்ந்தனவே, இப்போது ஏன் நம்ப வேண்டும்?

ப: இரண்டும் எதிரெதிர்த் திசைப் பிழைகள். 2015இல் மாதிரியில் லேபர் ஆதரவாளர்கள் அளவுக்கு மீறி இருந்தார்கள். அதைச் சரிசெய்யப் போய், 2017இல் பல நிறுவனங்கள் ‘இளைஞர்கள் வாக்களிக்க வர மாட்டார்கள்’ என்று எடையைக் கடுமையாகக் குறைத்தன. ஐசிஎம் நிறுவனம் டோரிக்கு 12 புள்ளி முன்னிலை சொன்னது, வந்தது 2.5. இம்முறை அந்தக் கடுமை தளர்ந்திருக்கிறது. ஆனாலும் சில நாட்களுக்குள் ஐசிஎம் 6 என்றும் ஒபினியம் 15 என்றும் சொல்லியிருக்கின்றன. ஒரே நிறுவனத்தைப் பிடித்துக்கொள்ளாமல் சராசரியைப் பாருங்கள். அதன் மேல் இரு பக்கமும் நான்கு புள்ளி தவறலாம் என்று வையுங்கள். முன்னிலை 6க்கு இறங்கினாலே தொங்கு நாடாளுமன்றத்தின் வாசலுக்கு வந்துவிடுவோம்.

கே: பிரெக்ஸிட் கட்சித் தலைவர் ஃபராஜ் பல தொகுதிகளில் விலகிக்கொண்டது டோரிக்கு லாபம்தானே?

ப: பாதி லாபம். 2017இல் டோரி வென்ற 317 இடங்களில் பிரெக்ஸிட் கட்சி நிற்கவில்லை. ஆனால் டோரி பறிக்க வேண்டிய லேபர் தொகுதிகளில் நிற்கிறது. ஹார்ட்டில்பூலில் அக்கட்சியின் சேர்மன் ரிச்சர்ட் டைஸே வேட்பாளர். வெளியேறும் வாக்கு இரண்டாகப் பிரிந்து லேபர் தப்பலாம்.

கே: அண்ணை, நான் லண்டனில ஐஎல்ஆரோட (நிரந்தர வதிவிட அனுமதி) இருக்கிறன், பாஸ்போர்ட் இன்னும் இலங்கைதான். வோட்டுப் போடலாமோ?

ப: போடலாம் தம்பி. இலங்கை, இந்தியா உட்பட காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் முறையான விசாவோடு இங்கே வசித்தால் பொதுத் தேர்தலில் வாக்கு உண்டு. நவம்பர் 26க்குள் பெயர் பதிந்திருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. காலை 7 முதல் இரவு 10 வரை வாக்குப்பதிவு. வாக்குச்சாவடி அட்டை தொலைந்தாலும் பரவாயில்லை, பெயரும் முகவரியும் சொன்னால் போதும். வட அயர்லாந்தில் மட்டும் புகைப்பட அடையாளம் கேட்பார்கள். தபால் வாக்கு இன்னும் கையில் இருந்தால் தபாலில் போடாதீர்கள், நாளை நேராக வாக்குச்சாவடியில் கொடுங்கள்.

கே: டோரி பெரும்பான்மை வந்தால் ஜனவரி 31 அன்று பிரிட்டன் வெளியேறிவிடுமா?

ப: வெளியேறிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தோடு ஜான்சன் செய்த வெளியேற்ற ஒப்பந்தத்துக்கான மசோதா அக்டோபர் 22 அன்றே 329–299 என்று இரண்டாம் வாசிப்பைத் தாண்டியது. மூன்றே நாளில் முடிக்கும் கால அட்டவணைதான் 308–322 என்று தோற்றது. இம்முறை டோரி வேட்பாளர்கள் எல்லோரும் ஒப்பந்தத்தை ஆதரிப்பதாக உறுதி கொடுத்திருக்கிறார்கள். மசோதா இரு அவைகளிலும் நிறைவேறி, ஐரோப்பிய நாடாளுமன்றமும் ஒப்புதல் தந்தால், லண்டன் நேரம் ஜனவரி 31 இரவு 11 மணிக்கு உறுப்புரிமை முடியும்.

ஆனால் மறுநாள் எதுவும் மாறாது. 2020 டிசம்பர் 31 வரை இடைக்காலம். சந்தை, சுங்கம், மக்கள் நடமாட்டம் எல்லாம் பழையபடி. அதற்குள் வர்த்தக உடன்பாடு பேசி முடிக்க வேண்டும். இடைக்காலத்தை நீட்டிப்பதானால் ஜூன் முடிவதற்குள் இரு தரப்பும் ஒத்துக்கொள்ள வேண்டும். நீட்டிக்க மாட்டோம் என்று டோரி தேர்தல் அறிக்கை சொல்கிறது. ‘பிரெக்ஸிட்டை முடிப்போம்’ என்ற கோஷத்தை நம்பி வாக்களிப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போட வேண்டும்.

கே: டோரி 315இல் நின்றுவிட்டால்?

ப: இதுதான் முக்கியமான கேள்வி. டோரிக்குக் கைகொடுக்க இப்போது யாரும் இல்லை. வட அயர்லாந்துக்குப் போகும் சரக்குக்கு ஐரிஷ் கடலில் சோதனை வைக்கும் ஒப்பந்தத்தை டியூபி ஏற்கவே ஏற்காது. லேபர் 230இல் நின்றாலும் எஸ்என்பியும் லிபரல் டெமாக்ரட்டுகளும் இரண்டாவது வாக்கெடுப்புக்காக மசோதாவுக்கு மசோதா துணை நிற்க முடியும். கூட்டணி ஆட்சி கூடத் தேவையில்லை. அதாவது டோரி தனியாகவே 320ஐத் தொட வேண்டும், எதிர்த்தரப்பு சேர்ந்து தொட்டால் போதும்.

உடனே ஆட்சி மாறாது. பதவியில் இருக்கும் பிரதமர் முதலில் முயலலாம். 1974 பிப்ரவரித் தேர்தலுக்குப் பின் அன்றைய பிரதமர் ஹீத் நான்கு நாள் முயன்றார். லேபர் தலைவர் கோர்பின் பிரதமராக வந்தால் மூன்று மாதத்தில் புது ஒப்பந்தம், ஆறு மாதத்துக்குள் வாக்கெடுப்பு என்பது லேபர் திட்டம். அதற்கு மற்ற 27 நாடுகளும் ஒருமனதாகக் கெடு நீட்டிக்க வேண்டும். நீட்டிப்பும் கிடைக்காமல் ஒப்பந்தமும் நிறைவேறாமல் போனால், ஜனவரி 31 அன்று ஒப்பந்தமில்லாத வெளியேற்றம் தானாக நடக்கும்.

கே: நாளை இரவு எதைப் பார்க்கணும்?

ப: பத்து மணிக்கு பிபிசி, ஐடிவி, ஸ்கை மூன்றும் சேர்ந்து நடத்தும் எக்ஸிட் போல். வாக்களித்து வெளியே வருபவர்களிடம் மாதிரிச் சீட்டு கொடுத்து ரகசியமாக நிரப்பச் சொல்கிறார்கள். கூடியவரை முந்தைய தேர்தலில் நின்ற அதே சாவடிகளிலேயே நிற்பதால் மாற்றத்தை நேரடியாக அளக்க முடிகிறது. 2017இல் டோரிக்கு 314 என்றது, வந்தது 317. 2015இல் 316 என்றது, பெரும்பான்மையே வந்தது. எனவே 340க்கு மேல் என்றால் முடிந்தது. 305க்கும் 330க்கும் இடையில் என்றால் விடியும்வரை எதையும் சொல்ல முடியாது.

முதல் முடிவுகள் நியூகாசிலிலும் சண்டர்லாந்திலும் வரும். அவை லேபர் கோட்டைகள், லேபர் சதவீதம் எவ்வளவு சரிகிறது என்று மட்டும் பாருங்கள். பிளைத் வேலியும் சீக்கிரம் எண்ணி முடிக்கக்கூடிய தொகுதி. 2017இல் அங்கே லேபர் 7,915 வாக்கில் வென்றது. டோரி பிடிக்க 9.3 புள்ளி ஸ்விங் வேண்டும். என் திருத்தக் கணக்கிலும் அது லேபரிடமே நிற்கிறது. அங்கே டோரி வென்றால், நான் மேலே சொன்ன 360 போதாது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.