ஆய்வு மாணவர் கேள்வி - பதில்: பத்து நாள் பயிலரங்கு போதுமா?

கேள்வி: சமூகவியலில் பிஎச்.டி. இரண்டாம் ஆண்டு. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றுத் (2019-21) தரவை வைத்துப் பெண்களின் ரத்தசோகை பற்றி எழுதுகிறேன். எம்.ஏ.வில் படித்த புள்ளியியல் கை-வர்க்கச் (chi-square) சோதனையோடு நின்றுவிட்டது. பத்து நாள் ஆய்வு முறையியல் பயிலரங்குக்குப் போகச் சொல்கிறார் கைடு. அது போதுமா?
- ஆய்வு மாணவி, திருநெல்வேலி

பதில்: போதாது. ஆனாலும் போய்வாருங்கள். ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். (இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சி மன்றம்) நிதியுதவியில் நடக்கும் இத்தகைய பயிலரங்குகளில் தலைப்புத் தேர்வில் தொடங்கிக் காரணிப் பகுப்பாய்வு வரை தொட்டுக்காட்டுவார்கள். எந்த முறை எதற்கு என்று பிடிபடும், கை பழகாது.

உங்களுக்கு வேண்டியவை இரண்டு: லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் ('உண்டு', 'இல்லை' என்று வரும் விளைவோடு எவை தொடர்புடையவை என்று கணக்கிடும் முறை), பல கட்டங்களாக எடுத்த சாம்பிளைக் கையாளும் முறை. முதலாவதற்கு ஐ.ஐ.டி.களின் இணையவழிப் படிப்புத் தளமான என்.பி.டி.இ.எல்.-இல் 8 வாரம், 12 வாரம் என்று படிப்புகள் உண்டு. படிக்கக் கட்டணமில்லை, சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும்தான் பணம். உங்கள் பல்கலைக்கழகப் புள்ளியியல் துறையில் ரிக்ரெஷன் தாள் நடந்தால், அனுமதி வாங்கி ஒரு பருவம் போய் உட்காருவது இன்னும் நல்லது. சந்தேகத்தை அன்றே கேட்கலாம்.

இரண்டாவதில்தான் பல ஆய்வேடுகள் சறுக்குகின்றன. இந்தக் குடும்ப நல ஆய்வில் முதலில் கிராமங்களையும் நகரப் பகுதிகளையும் தேர்ந்து, பிறகு ஒவ்வொன்றிலும் 22 வீடுகளை எடுத்தார்கள். ஒரே ஊர்ப் பெண்களுக்குச் சாப்பாடு, தண்ணீர், ஆஸ்பத்திரி எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். அதைக் கணக்கில் கொள்ளாமல் விட்டால் திட்டப்பிழை (மதிப்பீடு எவ்வளவு தள்ளிப்போகலாம் என்ற அளவு) உள்ளதைவிடச் சிறிதாக வரும். இல்லாத தொடர்புக்கும் பி மதிப்பு, அதாவது தொடர்பே இல்லாதபோதும் இப்படி ஒரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு, 0.05-க்குக் கீழே இறங்கிவிடக்கூடும். போதாக்குறைக்கு, பேட்டி தந்த பெண்கள் 7,24,115 பேர். இத்தனை பேர் இருந்தால் அற்ப வேறுபாடுகூட 'முக்கியத்துவம் உடையது' என்றே வரும். எனவே வேறுபாடு எவ்வளவு என்பதை முதலில் எழுதுங்கள், பி மதிப்பைப் பிறகு எழுதுங்கள்.

பயிற்சியில் சேரும் முன்பே இதைச் செய்து பாருங்கள். பெண்களுக்கான கோப்பில் வி005 (V005) என்பது வெயிட், அதாவது ஒவ்வொரு பெண்ணின் பதிலையும் எவ்வளவு கணக்கில் கொள்வது என்ற எண். அதை 10,00,000-ஆல் வகுக்க வேண்டும். வி021 கொத்து எண், அதாவது அவர் எந்தக் கிராமம் அல்லது நகரப் பகுதியைச் சேர்ந்தவர் என்பது. ரத்தசோகை நிலை வி457: 1 முதல் 3 வரை ரத்தசோகை, 4 என்றால் இல்லை. பரிசோதனை செய்துகொள்ளாதவர்களுக்கு அந்தக் கட்டம் காலியாக இருக்கும். அவர்களையும் 'இல்லை'யில் சேர்த்துவிடுவதுதான் வழக்கமான தவறு, சதவீதம் சரிந்துவிடும். அறிக்கையில் 15-49 வயதுப் பெண்களுக்கு 57.0 சதவீதம் என்றிருக்கிறது. உங்கள் கணக்கு அதை ஒட்டி வரும்வரை ரிக்ரெஷன் பக்கமே போகாதீர்கள். வராவிட்டால் வெயிட்டையும் காலிக் கட்டங்களையும் பாருங்கள். பிழை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கேள்வி: எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருள் ஓரளவு தெரியும். 'ஆர்' (R) மென்பொருளும் கற்கத்தான் வேண்டுமா?

பதில்: இந்தத் தரவுக்குக் கற்பதே நல்லது. எஸ்.பி.எஸ்.எஸ்.ஸில் சாதாரணமாக வெயிட் போட்டால் சதவீதம் சரியாக வரும், திட்டப்பிழை சரியாக வராது. அதற்கான பகுதியைத் தனியாக வாங்க வேண்டும். 'ஆர்' இலவசம், அதில் 'சர்வே' என்ற தொகுப்பை நிறுவி வெயிட், கொத்து, அடுக்கு (சாம்பிள் எடுக்கும் முன் பிரித்துக்கொண்ட பிரிவு) மூன்றையும் ஒருமுறை குறித்துவிட்டால், அதன்பின் அந்தத் தொகுப்பில் போடும் ஒவ்வொரு கணக்கும் அவற்றைச் சேர்த்தே வரும். கட்டளைகளைக் கோப்பாகச் சேமித்து வையுங்கள். தேர்வாளர் ஓர் அட்டவணையை மாற்றச் சொன்னால் ஒரே வரியைத் திருத்தி மறுபடி ஓட்டிவிடலாம்.