ஒரே வளைவைத் திரும்பத் திரும்ப வரைவது நோயா?

கேள்வி: எங்கள் நகரில் நடந்த ஓவியக் காட்சியில், தெரிந்தவர் ஒருவரின் மகள், பெரிய துணி முழுவதும் வலைக்கண் போன்ற ஒரே சிறு வளைவை வரைந்து வைத்திருந்தார். வேறு உருவமே இல்லை. இது மனநோயின் அறிகுறிதானே? மருத்துவரிடம் காட்டும்படி பெற்றோருக்குச் சொல்லலாமா?
(வாசகர், உப்புவெளி, திருகோணமலை)

பதில்: சொல்ல வேண்டாம். துணியில் உள்ள கோட்டைப் பார்த்து நோயை முடிவு செய்ய உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது.

நீங்கள் குறிப்பிடும் அதே வலைக்கண் வளைவுகளை, ஜப்பானில் 1929இல் பிறந்த யாயோய் குசாமா, 1950களின் இறுதியில் நியூயோர்க்கில் பல அடி நீளத் துணிகளில் வரைந்தார். பூக்களும் புள்ளிகளும் அறையெங்கும் பரவித் தம்மையே விழுங்குவது போன்ற தோற்றங்களைச் சிறுவயதில் கண்டதாக அவரே கூறியிருக்கிறார். 1977 முதல் டோக்கியோவில் ஒரு மனநல மருத்துவமனையில் தாமாக விரும்பித் தங்கி, அங்கிருந்தபடியே ஓவியப் பணியைத் தொடர்ந்தார். இவரை உங்கள் வாதத்துக்குச் சான்றாகக் காட்டலாம் என்று தோன்றும். ஆனால் கனடாவில் பிறந்த அக்னஸ் மார்ட்டினுக்கும் (1912–2004) மனநோய் (மனச்சிதைவு) இருந்தது, அவரும் திரும்பத் திரும்ப ஒரே வடிவத்தையே வரைந்தார், எனினும் 6 அடிச் சதுரத் துணிகளில் அவர் இட்ட பென்சில் கட்டங்களின் முன் நிற்பவருக்கு மூச்சு முட்டுவதில்லை, மனம் அடங்குகிறது. மகிழ்ச்சியும் களங்கமின்மையுமே தம் ஓவியங்களின் பொருள் என்றார் அவர். நோயின் பெயரைச் சொன்னதும் ஓவியம் விளங்கிவிடும் என்றால், இவ்விருவருக்கும் இடையிலான இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது?

அது கையிலிருந்து வந்தது. மார்ட்டினின் கோடு துணியின் இழைகள்மீது ஏறி இறங்கும்போது இலேசாக நடுங்கும், ஓரிடத்தில் மங்கி மறுபடி அழுத்தம் பெறும்; குசாமாவின் வெள்ளை வளைவுகளோ ஒன்றையொன்று நெருக்கி, நடுவென்று ஓரிடமும் இல்லாமல், விளிம்பைத் தாண்டியும் ஓடுவதுபோல் நிற்கும். வளைவுகள் எங்கே நெருங்குகின்றன, எங்கே தளர்கின்றன, கை எங்கே ஓய்ந்து மீண்டும் தொடங்கியிருக்கிறது என்று பார்த்தால்தான் மனநிலை என்று எதையாவது பேச முடியும், அதுவும் அந்தத் துணியின் மனநிலையைத்தான். நீங்கள் அதை எவ்வளவு நேரம் நின்று பார்த்தீர்கள்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போரையும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும் கண்ட மாவட்டம் என்பதாலேயே, நம் பிள்ளைகள் எதை வரைந்தாலும் அதில் காயத்தைத் தேடுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. கடற்கரையில் நாளெல்லாம் அமர்ந்து, அறுந்த வலையில் ஒரே முடிச்சைப் போட்டுக்கொண்டிருப்பவரின் பொறுமையை மதிக்கத் தெரிந்த நமக்கு, ஓவியம் வரையும் பெண்ணின் பொறுமைமீது மட்டும் ஏன் இந்தச் சந்தேகம்?

அந்தப் பெண் உறங்காமல், உண்ணாமல், எவரோடும் பேசாமல் ஒடுங்கிப்போனால் மருத்துவ உதவி தேவைதான். அதில் வெட்கப்படவும் எதுவுமில்லை. அப்படி எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. பெற்றோரிடம் போவதற்கு முன், எந்த மூலையிலிருந்து வரையத் தொடங்கினாய் என்று அந்தப் பெண்ணிடமே கேளுங்கள்.