பத்தடி டேங்க் வேண்டாம், நாலடிக் குழி இரண்டு போதும்

கேள்வி: விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு கிராமம். வீட்டில் ஐந்து பேர். அரசு மானியம் 12,000 ரூபாயோடு கையிலிருந்து கொஞ்சம் போட்டுக் கழிப்பறை கட்டப் போகிறோம். ஊராட்சியில் இரட்டைக் குழி கட்டச் சொல்கிறார்கள். கொத்தனாரோ, "அது ஆறே மாதத்தில் நிரம்பிவிடும், பத்தடி ஆழத்துக்கு செப்டிக் டேங்க் போட்டால் ஆயுசுக்கும் திறக்க வேண்டாம்" என்கிறார். கொல்லையில் கட்ட நினைத்த இடத்திலிருந்து 25 அடியில் பக்கத்து வீட்டுக் கிணறு இருக்கிறது. எதைச் செய்வது?

பதில்: இரட்டைக் குழியே கட்டுங்கள். ஆனால் முடிந்தால் கொல்லையில் வேண்டாம், முன்பக்கம் கட்டுங்கள். கிணற்று விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த ஆறு மாதக் கணக்கு.

தண்ணீர் மண்ணில் இறங்கியது போக, ஒரு ஆளின் கழிவில் குழிக்குள் தங்குவது வருடத்துக்கு 40, 45 லிட்டர்தான். அதாவது மூன்று குடம். ஐந்து பேருக்குப் பதினைந்து குடம். மூன்றேகால் அடி அகலமும் நாலடி ஆழமும் உள்ள குழி தாராளமாக மூன்று வருடம் தாங்கும். ஆறு மாதத்தில் நிரம்பிய குழியைப் போய்ப் பாருங்கள்: குளிக்கிற தண்ணீரையும் அதிலேயே விட்டிருப்பார்கள். இல்லையென்றால் கொத்தனார் பழக்க தோஷத்தில் அடியில் கான்கிரீட் போட்டு, சுவரையும் இடைவெளி இல்லாமல் பூசியிருப்பார். தண்ணீர் எங்கே போகும்? குழியின் சுவரில் ஓட்டைகள் வேண்டும், அடி வெறும் மண்ணாக இருக்க வேண்டும்.

கழிப்பறைக் குழாய் இரண்டு குழிக்கும் பிரிகிற சின்னத் தொட்டிக்குப் பெயர் சேம்பர். முதல் குழி நிரம்பியதும் சேம்பரில் அதன் வழியை அடைத்து, இரண்டாவதைத் திறந்துவிட வேண்டும். ஒன்றரை வருடம் கழித்து முதல் குழியைத் திறந்தால் உள்ளே இருப்பது நாற்றமில்லாத உதிரி மண். வயலுக்குப் போடலாம். 2017 பிப்ரவரியில் தெலங்கானாவின் கங்கதேவிப்பள்ளியில் மத்திய அரசின் குடிநீர், துப்புரவுத் துறைச் செயலாளராக இருந்த பரமேஸ்வரன் ஐயரே இப்படி ஒரு குழிக்குள் இறங்கித் தன் கையால் அள்ளிக் காட்டினார். செய்தித்தாள்களில் படம் வந்தது. ஆனாலும் நம் ஊரில் "அதை யார் அள்ளுவது?" என்ற கேள்வி மாறவில்லை. பெரிய டேங்க் மேல் இவ்வளவு ஆசை ஏன் என்று நினைக்கிறீர்கள்? அள்ளுகிற வேலையைப் பேரன் காலத்துக்குத் தள்ளிவிடலாம் என்றுதான்.

தள்ள முடியாது. செப்டிக் டேங்கை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை உறிஞ்சி எடுத்தே ஆக வேண்டும். அதிலிருந்து வழியும் தண்ணீரும் சுத்தமானதல்ல. அதற்குத் தனியாக உறிஞ்சு குழி வேண்டும், யாரும் கட்டுவதில்லை, தெருச் சாக்கடையில் குழாயை விட்டுவிடுகிறார்கள். உங்கள் சந்துக்குள் லாரி நுழையாவிட்டால் யாரையாவது உள்ளே இறக்குவீர்கள். விஷவாயு தாக்க ஒரு நிமிடம் போதும். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஆளை இறக்குவது, மனிதர் கையால் கழிவு அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி குற்றம், வேலை சொன்ன வீட்டுக்காரரும் மாட்டுவார்.

அப்புறம், "நீங்கள் கையெழுத்து மட்டும் போடுங்கள், மானியம் வாங்கிக் கட்டிக் கொடுப்பது என் பொறுப்பு" என்று ஒருவர் வீட்டுக்கு வருவார். கட்சிக்காரராக இருக்கலாம், ஒன்றிய அலுவலகத்தைச் சுற்றுகிற காண்ட்ராக்டராக இருக்கலாம். கையெழுத்துப் போடாதீர்கள். ஓர் ஊரில் அப்படிக் கட்டிய கழிப்பறையில் இரண்டாவது குழியின் மூடியை நானே தூக்கிப் பார்த்தேன். கீழே வெறும் தரை! தரைமேல் ஒரு சிமென்ட் வட்டம், அவ்வளவுதான். கணக்கில் அதுவும் குழி. பார்க்க வந்த அதிகாரி சுவரையும் அதில் எழுதியிருந்த பெயரையும் படம் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார். குழியைப் படம் பிடிக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பல இடங்களில் கட்டி முடித்தால்தான் பணம். கையில் காசில்லாதவர் இந்த ஆளிடம் போகாமல் வேறு எங்கே போவார் என்றும் யாரும் யோசிக்கவில்லை.

ஆகவே மூடி போடுவதற்கு முன் நீங்களே குச்சி விட்டு இரண்டு குழியையும் அளந்துகொள்ளுங்கள். நடுவே மூன்றடிக்குக் குறையாமல் மண் இருக்கட்டும். பீங்கான் வாங்கும்போது சரிவு அதிகமுள்ளதாகக் கேளுங்கள், இரண்டு லிட்டர் தண்ணீரில் போய்விடும். காற்றுக் குழாய் தேவையில்லை. முக்கியமாக, சேம்பரில் ஒரு வழி அடைத்திருக்க வேண்டும். இரண்டும் திறந்திருந்தால் இரண்டும் ஒரே சமயத்தில் நிரம்பி, மாற்றிவிட வேறு குழி இருக்காது.

இப்போது கிணறு. குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் நடுவே ஆறரை அடி காய்ந்த மண் இருந்து, அது நைசான மண்ணாகவும் இருந்தால், கிணறு பத்தடி தள்ளி இருந்தாலே போதும். கிருமிகளை மண் பிடித்துவைத்துக்கொள்ளும். அந்த ஆறரை அடி இல்லையென்றால் 33 அடி தள்ளியாக வேண்டும். சித்திரையில் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு "தண்ணீர் பாதாளத்தில் இருக்கிறது" என்று சொல்லாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் எத்தனை அடிக்கு ஏறும் என்று பக்கத்து வீட்டுப் பெரியவரைக் கேளுங்கள். எட்டடிக்கு ஏறும் என்கிறார் என்று வையுங்கள். உங்கள் குழி நாலடி. மிச்சம் இருப்பது நாலே அடி மண், அப்போது 25 அடி தூரம் போதாது. பதினொன்றடிக்குக் கீழேயே நின்றுவிடும் என்று அவர் அடித்துச் சொல்லி, மண்ணும் நைசாக இருந்தால் கொல்லையிலேயே கட்டலாம். பாதி நினைவாகச் சொன்னால் நம்ப வேண்டாம். "அந்தத் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை, குழாய்த் தண்ணீர்தான்" என்பார்கள். நாலு நாள் மோட்டார் ரிப்பேரானால் எதைக் குடிப்பார்கள்? கொத்தனாரின் பத்தடி டேங்கில் விரிசல் விட்டாலோ, அது அந்தக் கிணற்று நீருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

முன்பக்கத்தில் 33 அடி கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். வாசலில் குழியா என்று வீட்டில் முகம் சுளிப்பார்கள். மூடியைச் சந்து இல்லாமல் பூசி, மேலே அரை அடி மண் போட்டுவிடுங்கள். வாடை வராது, அதன்மேல் கோலமே போடலாம்.