மகளை வாசலுக்கு அனுப்பிய அம்மாவுக்கு

கேள்வி: நாலு வருடம் முன்பு தறி வாங்க, புரோநோட்டு எழுதிக் கொடுத்து ஒருவரிடம் 2 லட்சம் கடன் வாங்கினேன். அவ்வப்போது ஜிபேயில் 1,30,000 வரை அனுப்பிவிட்டேன், ரசீது வாங்கவில்லை. இப்போது முழுத் தொகையையும் வட்டியோடு கேட்டு முன்சீஃப் கோர்ட்டில் வழக்குப் போட்டிருக்கிறார். அமீனா வந்தபோது, நான் ஊரில் இல்லை என்று ஏழாவது படிக்கும் மகளைச் சொல்லச் சொன்னேன். சம்மனை வாசலில் ஒட்டிவிட்டுப் போய்விட்டார். கோர்ட்டுக்குப் போகாமல் இருந்தால் என்ன ஆகும்?
- பெயர் வேண்டாம், நாமக்கல் மாவட்டம்.

பதில்: கடன் வாங்கியது நீங்கள். வாசலில் நின்று பொய் சொன்னது பன்னிரண்டு வயதுப் பிள்ளை. அமீனா கோர்ட் ஊழியர், அடியாள் இல்லை. அவருக்குப் பயந்து நீங்கள் உள்ளே ஒளிந்துகொண்டு அவளை முன்னால் நிறுத்தியிருக்கிறீர்கள். பெற்றவள் செய்கிற வேலையா இது? இனி யார் கதவைத் தட்டினாலும் அந்தக் குழந்தைக்கு வயிறு கலங்காதா?

அந்தப் பொய்யால் ஆனதும் ஒன்றுமில்லை. வாசலில் ஒட்டியதையே சம்மன் சேர்ந்ததாகக் கோர்ட் எடுத்துக்கொள்ளலாம். வாய்தா அன்று நீங்கள் போகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி தீர்ப்புதான், அதாவது உங்கள் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பு. நீங்கள் கட்டிய பணத்தைப் பற்றிப் பேச அங்கே ஆள் இருக்காது. அந்தத் தீர்ப்பை வைத்து ஜப்திக்கு மனுப் போட கடன் கொடுத்தவருக்கு 12 வருடம் அவகாசம் உண்டு. அன்றைக்கு உங்கள் மகளுக்கு 24 வயது. அப்போதும் அவளைத்தான் வாசலுக்கு அனுப்புவீர்களா?

ரசீது இல்லை என்று கலங்க வேண்டாம். பேங்க்கில் ஸ்டேட்மென்ட் வாங்குங்கள், ஒவ்வொரு தொகையும் தேதியோடு இருக்கும். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். கோர்ட் வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு எங்கே என்று கேளுங்கள். சம்மன் சேர்ந்து 30 நாளுக்குள் எதிருரை, அதாவது வழக்குக்கு உங்கள் பதிலை எழுத்தில் போட வேண்டும், காரணம் சொன்னால் 90 நாள் வரை நீட்டிக் கேட்கலாம்.

இன்னொன்று. புரோநோட்டுக்கு ஆயுள் 3 வருடம். பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தத் தேதியிலிருந்து மறுபடி 3 வருடம். போட்டீர்களா என்று வக்கீலிடம் மறைக்காமல் சொல்லுங்கள். காலாவதி என்று வாதாடுவது உங்கள் உரிமை. ஆனால் வாங்கிய பணத்தில் மீதியை, வழக்கு தள்ளுபடியானாலும் கொடுத்துவிட வேண்டும் என்பேன் நான். லோக் அதாலத்தில் தவணை பேசி முடிக்கலாம். ஏற்கெனவே கொடுத்ததை மட்டும் இரண்டாம் முறை கொடுக்காதீர்கள்.

சரி, வக்கீலைப் பார்க்கக் கிளம்பும் முன் மகளை உட்கார வைத்து, “அன்றைக்கு உன்னைப் பொய் சொல்ல வைத்தது என் தப்பு” என்று சொல்லுங்கள். அடுத்த முறை கதவைத் தட்டினால் நீங்களே எழுந்து போய்த் திறங்கள்.